காற்று மெஷினுக்கு அளவெடுத்தவர்

உறைக்காரரின் வீட்டம்மா கோபித்துக்கொண்டு போகவில்லை. இருமிக்கொண்டு போனார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெருவுக்குப் புரியவைக்க உறைக்காரர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

“தங்கச்சி வீட்டுக்குத்தான் போயிருக்கா. பத்து நாள் வேற காத்துல இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு,” என்பார், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி மேசை போட்டிருக்கும் அம்மா, “அதுக்கென்னண்ணே, டாக்டர் சொன்னா கேக்கத்தானே வேணும்,” என்று சொல்லிவிட்டு, கையிலிருக்கும் சட்டைக் காலரைத் தேவைக்கு மேல் இரண்டு நிமிடம் அழுத்துவார். நம்பவில்லை என்பதை அதைவிட மரியாதையாக ஒருவர் சொல்ல முடியாது. அதற்குள் தெருவில் கதை மூன்று விதமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் உறைக்காரர் மாமியார் வீட்டைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். இன்னொன்றில் வீட்டம்மா அவர் சட்டைப் பையிலிருந்து ஏதோ சீட்டைக் கண்டெடுத்துவிட்டார். மூன்றாவது கதையின் விவரம் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் நிறையப் பேருக்குப் பிடித்தது அதுதான்.

மனிதர் தொழில், உறை தைப்பது. ஃபிரிட்ஜுக்கு, டிவிக்கு, வாஷிங் மெஷினுக்கு, ஸ்கூட்டருக்கு, கம்ப்யூட்டருக்கு. ஆரம்பத்தில் ஒரு தையல் கடையில்தான் இருந்தார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போனது போல, கொஞ்ச நாளில் மனித உடம்புக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போயிற்று. அவர் தைத்த சட்டையில் ஒரு கை நீளும், மறுகை கோபித்துக்கொண்டு உள்ளே போகும். கடை முதலாளி கேட்டால், தப்பு வாடிக்கையாளர் மேல்தான் என்பார். “அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கிறான், போட்டுப் பாக்கும்போது விட்டுடறான். நான் என்ன பண்றது?” ஒரு நாள் முதலாளி தன் ரேடியோவுக்கு ஒரு துணி தைத்துப் போடச் சொன்னார். ரேடியோ மூச்சு விடவில்லை. அசையவில்லை. அளவு கொடுத்த பிறகு குண்டாகவில்லை. உறை கையுறை மாதிரி உட்கார்ந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், இனி மெஷின்களோடுதான் வாழ்க்கை என்று.

அவர் வீட்டுக்குள் போனால் எது என்ன சாமான் என்று தெரியாது. எல்லாம் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். மிக்சிக்குப் பூப்போட்டது, ஃபிரிட்ஜுக்குக் கட்டம் போட்டது, சுவர்க் கடிகாரத்துக்குக்கூட மணி பார்க்க வட்டமாகக் கண்ணாடித்தாள் வைத்த ஒன்று. கல்யாணமான புதிதில் வீட்டம்மா எதையோ திறந்து சோறு வைக்கப் போய், அது தையல் மெஷின் என்று தெரிந்து திகைத்து நின்றது உண்டு.

“ஒரு இடத்துல சும்மா உக்காரவே பயமா இருக்கு. எனக்கும் அளவெடுத்துடுவீங்களோன்னு,” என்பார் அந்தம்மா.

வீடு முதல் மாடியில் ஒரே நீளமான கூடம். ஜன்னல் பக்கத்துப் பாதியில் எட்டடி வெட்டு மேசை, தையல் மெஷின், துணி உருளைகள், பசை டப்பா. பின்பாதியில் கட்டில், பீரோ, சமையல் மூலை. நடுவில் ஒரு திரை. அவரே தைத்தது. சுவரின் வேலையை அது செய்யும் என்று இருபத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். உறைகளுக்கு உள்பக்கம் பஞ்சு மாதிரி மெத்தென்று ஒரு துணி வைத்துத் தைப்பார், சாமானில் கீறல் விழாமல் இருக்க. அதை வெட்டி ஓர் உதறு உதறினால், சாயங்கால வெயிலில் அறை முழுக்கத் தங்கப்பொடி மாதிரி மிதக்கும். அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இருமலுக்குக் காரணம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஜன்னலுக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாண்டுதான். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு டிரைவர்கள் டீ குடிக்கிறார்கள் என்று இதுவரை நாலு மனு எழுதிப்போட்டிருக்கிறார். நாலாவது மனுவில் ‘என் மனைவியின் நுரையீரல்’ என்று ஆரம்பிக்கும் ஒரு பத்தி இருந்தது. எழுதி முடித்து அவரே கண்கலங்கிவிட்டார்.

தங்கை வீட்டுக்குப் போன மூன்றாம் நாளே அந்தம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. பத்தாம் நாள் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். இருபதாம் நாள் போனில் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் உறைக்காரர் காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்தார்.

தங்கையின் வீட்டுக்காரர், அதாவது நம்மவரின் சகலை, ஒருநாள் போனை வாங்கிப் பேசினார். சகலைக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

“சகலை! அண்ணி முகத்துல இப்ப என்ன தெளிவு தெரியுமா? எல்லாம் நம்ம காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் மகிமை. மூணு வெச்சிருக்கேன்.”

“எதுக்கு மூணு?”

“ஹாலுக்கு ஒண்ணு, பெட்ரூமுக்கு ஒண்ணு.”

“மூணாவது?”

“மூணாவது இருக்கட்டுமேன்னு. மெஷின்ல நம்பர் காட்டும் சகலை. கம்மியா இருந்தா காத்து சுத்தம். நம்ம வீட்ல இப்ப இருபத்திரெண்டு. உங்க வீட்ல வெச்சா நம்பருக்கு இடமே பத்தாது.”

அதோடு நிற்கவில்லை. மைத்துனி தன் வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று ஆரம்பித்திருந்தார். அக்கா கூட இருந்தால் ஒத்தாசை. பின்னால் ஓர் அறையும் காலியாக இருக்கிறது. “அக்கா இங்கேயே இருந்துடட்டும் அத்தான். நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க,” என்றார், ஏதோ ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் சொல்வது போல.

உறைக்காரர் மனைவியிடம் கேட்டார். “நீ என்ன சொல்ற?”

அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்தும் சத்தம் வந்தது. அதற்கு மேல் குரலை உயர்த்தி அந்தம்மா சொன்னார்: “வரமாட்டேன்னு சொல்லலீங்க. நீங்க வீட்டுக் காத்தைச் சரி பண்ணுங்க, நான் வந்து ரெண்டு நாள் இருந்து பாக்கறேன். திரும்ப இருமல் வந்துச்சுன்னா, அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க. முப்பது நாளாத்தான் நான் முழுசா மூச்சு விடறேன்.”

மறுநாள் உறைக்காரர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு சாமான் கடையில் நின்றார். டேப் அவர் கழுத்தை விட்டு இறங்கினால் அவருக்குச் சளி பிடித்தது போல இருக்கும்.

கடைப்பையன் என்று சொல்ல முடியாது, விற்பனை செய்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பொறுமைசாலி. வரிசையாக மெஷின்களைக் காட்டிவிட்டு, “ரூம் என்ன அளவு சார்?” என்று கேட்டார்.

உறைக்காரர் டேப்பை உருவி, முதல் மெஷினைச் சுற்றி வளைத்து, “இது பதினாலுக்குப் பத்து. உயரம் இருபத்திரெண்டு,” என்றார்.

“சார், நான் ரூமைக் கேட்டேன்.”

“ரூமுக்கு எதுக்குய்யா அளவு? அது எங்கயும் போகாது. மெஷின்தானே உள்ள வரணும்? கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல பதினஞ்சு இஞ்ச் இடம் இருக்கு.”

விற்பனைக்காரர் மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டார். அந்தக் கடையில் காற்று நல்ல காற்றுதான். “சரி சார். உங்க வீட்டுப் பக்கம் காத்துல என்ன இருக்கு? மண்ணா, புகையா, பஞ்சு தூசியா, கெமிக்கல் வாசனையா? அதைப் பாத்துத்தான் ஃபில்டர் சொல்லணும். புகைன்னா ரொம்ப நுணுக்கமான ஃபில்டர். பஞ்சு தூசின்னா முன்னாடி கழுவற மாதிரி ஒரு வலை வேணும். இல்லைன்னா நுணுக்கமானது சீக்கிரம் அடைச்சுக்கும். வாசனைக்குக் கரி ஃபில்டர்.”

“பஸ் ஸ்டாண்டு,” என்றார் உறைக்காரர், நீதிமன்றத்தில் குற்றவாளியைக் கைகாட்டுவது போல.

“அப்ப புகை. சார், உங்களுக்கு இந்த உருண்டை மெஷின் நல்லாருக்கும். பெரிய ஹாலுக்கே போதும். வலை இருக்கு, கரி இருக்கு, எல்லாம் இருக்கு.”

உறைக்காரர் அந்த உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடியில் அகலம், மேலே குறுகல், நடுவில் ஒரு வளைவு. அவர் முகம் சுருங்கியது. உருண்டைக்கு உறை தைப்பது என்றால் துணியை எட்டுத் துண்டாக வெட்டி, தர்பூசணி மாதிரி சேர்த்து, சுருக்கம் விழாமல் ஒட்டித் தைக்க வேண்டும். தலைவலி.

“அந்தச் சதுர மெஷினைக் கொடுங்க,” என்றார்.

“அது சின்ன ரூமுக்கு சார். வலையும் கிடையாது.”

“மூலை நாலும் சுத்தமா இருக்குல்ல? அதான் வேணும்.”

அவர் வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரமாக எடுத்த முடிவு வேறில்லை.

வீட்டுக்கு வந்து, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் செருகி, சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. நூற்றெண்பது என்று காட்டியது. உறைக்காரர் ஜன்னலுக்குப் போய் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து, “பாத்தீங்களாடா?” என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மெஷின் ஒரு நாள் முழுக்க மாடு மாதிரி உழைத்தது. நூற்றெழுபதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. இடையில் அவருக்கு முடிக்க வேண்டிய ஆர்டர் இருந்தது, ஆறு வாஷிங் மெஷின் உறை. வெட்டினார், உதறினார், தைத்தார். சாயங்காலம் பார்த்தால் அந்தப் புத்தம்புது வெள்ளை மெஷினின் தலையில் மெல்லிசாக ஒரு படலம். உறைக்காரருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தூசி பிடிக்க வாங்கிய மெஷின் மேலேயே தூசி! துடைக்கிறவனே அழுக்காக நின்றால் வீடு எப்படிச் சுத்தமாகும்?

அன்று அவர் தைத்த உறை, அவருடைய முப்பது வருட வேலையில் சிகரம் என்றே சொல்லலாம். நீலத் துணி, வெள்ளை விளிம்பு, பக்கவாட்டில் ஜிப். உள்ளே வழக்கம் போல மெத்தென்ற துணி. வயர் வெளியே வர வளையம் வைத்த ஓட்டை. நம்பர் தெரிவதற்குக் கண்ணாடித்தாளில் ஒரு சின்ன ஜன்னல். மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தார். மெஷின் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி நின்றது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. நம்பர் நூற்றெழுபதிலிருந்து நூற்றிருபது ஆனது. தொண்ணூறு. நாற்பது. பச்சை விளக்கு எரிந்தது. பன்னிரண்டு. ஆறு.

உறைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. போட்டோ எடுத்துச் சகலைக்கு அனுப்பினார். அடுத்த நிமிடம் போன் வந்தது.

“ஆறா?” சகலையின் குரலில் காற்றே இல்லை. “பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஆறா? எங்க வீட்ல மூணு மெஷினையும் போட்டா இருபத்திரெண்டு. அது என்ன சகலை, மெஷின் மேல துணி?”

“அதான் விஷயமே. மெஷினைச் சுத்தமா வெச்சாத்தானே அது வீட்டைச் சுத்தமா வெக்கும்? உங்களுக்கும் மூணு தைச்சுத் தரவா?”

மறுநாளே வீட்டம்மா ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினார். இஸ்திரியம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க வாங்க, இளைச்ச மாதிரி இருந்தீங்க, இப்ப நல்லாருக்கீங்க,” என்று பையின் அளவைக் கண்ணால் எடை போட்டார். இரண்டு நாள் பை. கணக்குப் புரிந்துவிட்டது.

உறைக்காரர் கட்டிலில் தூசி தட்டி உட்காரவைத்தார். தட்டியதில் ஒரு புகைமூட்டம் எழுந்து அடங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. “பாரு, அஞ்சு! இப்ப அஞ்சுக்கு வந்துடுச்சு. உன் தங்கச்சி வீட்டைவிட நாலு மடங்கு சுத்தம்.”

அந்தம்மா கண்ணாடித்தாள் ஜன்னலை உற்றுப் பார்த்தார். சந்தோஷம்தான். தண்ணீர் குடித்தார். இருபது நிமிடம் ஊர்க்கதை பேசினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

உறைக்காரர் மெஷினைப் பார்த்தார். அஞ்சு.

அந்தம்மா ஒருமுறை இருமினார்.

“பழைய இருமல் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்,” என்றார் உறைக்காரர்.

அந்தம்மா அடுக்கடுக்காக இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெஷின் அசரவில்லை. பச்சை விளக்கு, அஞ்சு.

“ஏங்க,” என்றார் அந்தம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, “என் நெஞ்சு பொய் சொல்லுதா, உங்க மெஷின் பொய் சொல்லுதா?”

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரர் வாயை மூடிக்கொண்டிருப்பார். உறைக்காரர் நேர்மையாக யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்: “மெஷின் புதுசு.”

அந்தம்மா எழுந்தார். பையை எடுத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது இஸ்திரியம்மா, “என்னக்கா, இப்பத்தானே வந்தீங்க?” என்று கேட்டதற்கு, “அவருக்கும் மெஷினுக்கும் நடுவுல பதினஞ்சு இஞ்ச் கூட இடமில்ல,” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அன்று மாலைக்குள் தெருவின் மூன்று கதைகளும் அடிபட்டுப் போய், நாலாவதாக ஒரு கதை கிளம்பியது. அதில் உறைக்காரர் ஒரு மெஷினைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்.

இரண்டு நாள் அவர் சாப்பாடு இறங்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் கம்பெனிக்குப் போன் போட்டார். “உங்க மெஷின் பொய் சொல்லுது. ஆள் அனுப்புங்க.”

சர்வீஸுக்கு வந்தது ஒரு பெண். முதுகில் பை, கையில் ஸ்குரூ டிரைவர், முகத்தில் ஒரு நாளைக்கு எட்டு வீடு பார்க்கும் அலுப்பு. உள்ளே வந்தவள் கட்டிலோரம் நீலச் சட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“சார்... மெஷின் ஓடிட்டிருக்கா?”

“ராப்பகலா ஓடுதும்மா.”

“இதைப் போட்டுக்கிட்டா?”

“பின்ன? தூசி படாதா?”

அவள் ஜிப்பை இறக்கினாள். உள்ளேயிருந்து சூடாக ஒரு மூச்சு வந்தது. “சார், இது மூச்சு விடற மெஷின். பக்கத்துல இழுத்து மேல விடும். நீங்க வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிட்டீங்க. அது விட்ட காத்தையே அது திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டு, அதுக்குள்ளயே சுத்தமா இருக்கு. அஞ்சு காட்டறது உங்க வீட்டு நம்பர் இல்ல. இந்தச் சட்டைக்குள்ள இருக்கிற நம்பர்.”

முப்பது வருடமாக மூச்சு விடாத சாமான்களோடு மட்டும் பழகிய மனிதர். குனிந்து மெஷினின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தார்.

அவள் ஃபில்டரை வெளியே எடுத்தாள். வெள்ளையாக இருக்க வேண்டியது, நீலமும் சாம்பலுமாகக் கம்பளி போர்த்தியிருந்தது. “ஏழெட்டு நாள்தானே ஆச்சு வாங்கி? இதுல ஒரு தலகாணி செய்யலாம் சார். பஸ் புகை கறுப்பா இருக்கும். இது என்ன?”

“அதான்மா, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து...”

“நீலக் கலர்ல பஸ் புகை விடுதா?”

பையிலிருந்து உள்ளங்கை அளவு மீட்டர் ஒன்றை எடுத்தாள். ஜன்னலைத் திறந்து வெளியே நீட்டினாள். கீழே ஒரு பஸ் எஞ்சினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தது. உறைக்காரர் ஆவலோடு எட்டிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே பார்த்தாள். கட்டிலருகே நூற்று நாற்பது. வெட்டு மேசைக்கு வந்தாள்.

“சார், நீங்க தினம் செய்யற வேலையைக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்க.”

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு உள்துணியில் ஒரு கஜம் வெட்டி, வழக்கம் போல ஓங்கி ஓர் உதறு உதறினார். வெயிலில் தங்கப்பொடி பறந்தது. மீட்டர் கீச்சென்று கத்தியது. முந்நூற்றெண்பது.

“ஜன்னலைத் திறந்து வெச்சா குறையும்,” என்றாள் அவள். திறந்ததும் குறைந்தது. பஸ் ஸ்டாண்டுக் காற்று உள்ளே வர வர, உறைக்காரர் வீடு சுத்தமானது.

“நான் நாலு மனு போட்டிருக்கேன்மா அவங்க மேல.”

“அந்த டிரைவருங்கதான் உங்க மேல போட்டிருக்கணும் சார்.” சிரித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். “உங்களுக்கு இருமல் வரதில்லையா?”

“எனக்குப் பழகிடுச்சு.”

“பழகல. உங்க மூக்கு வேலையை விட்டு நின்னுடுச்சு.”

உறைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நுரையீரல் பத்தி எழுதிக் கண்கலங்கியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது வரை சிவந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அந்த உருண்டை மெஷின் வாங்கியிருந்தா சரியாப் போயிருக்குமா?”

“நல்லா இழுக்கும். ஆனா நீங்க இந்தப் பக்கம் உதறிக்கிட்டே இருந்தா, அந்தப் பக்கம் பத்து மெஷின் வெச்சாலும் அம்மாவுக்கு இருமல்தான். முதல்ல தூசி கிளம்பற இடத்தை வெளிய அனுப்பணும். மேசை போயிடுச்சுன்னா இந்தச் சின்ன மெஷினே போதும், நடுவுல துணி இல்லாம நெஜமான தடுப்பும் கதவும் போட்டா. பஸ் புகைக்கு இதோட ஃபில்டர் சரியான ஃபில்டர்தான். புதுசு மாத்தித் தரேன். முன்னாடி மாட்டற வலை இதுக்குத் தனியா கிடைக்கும். வாரம் ஒரு தடவை தண்ணியில கழுவிக் காயவெச்சு மாட்டுங்க.”

“வலையை நானே தைச்சு...”

“சார்.” ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி அவள் கும்பிட்டாள். “தயவு செஞ்சு எதையும் தைக்காதீங்க.”

அந்த எட்டடி மேசையை நகர்த்துவது என்பது அவருக்குக் கையைக் கழற்றி வைப்பது மாதிரி. ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஏற்றிய மேசை. அதன் மேல்தான் அவர் டீ குடிப்பார், பேப்பர் படிப்பார், மத்தியானம் அரைமணி நேரம் கண்ணசருவார். ஓர் இரவும் ஒரு பகலும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கீழே, ரீசார்ஜ் கடை காலி செய்துபோன ஷட்டர் அறையைப் பேசி முடித்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. மேசை வந்த வழியே கயிற்றில் இறங்கியது. தெருவே நின்று பார்த்தது. இஸ்திரியம்மா, “என்னண்ணே, வீட்டையே காலி பண்றீங்களா?” என்றார்.

“ஆளைக் கூட்டிட்டு வரத்தான் காலி பண்றேன்,” என்றார் உறைக்காரர். இஸ்திரியம்மா முதல் தடவையாகக் காலரை அழுத்தாமல் தலையாட்டினார்.

ஷட்டர் அறையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றை மாட்டினார். மாடியில் தச்சர் வந்து தடுப்பும் கதவும் போட்டார். மூன்று நாள் ஈரத்துணியால் துடைத்தார். கட்டிலுக்கு அடியில் பூனை அளவுக்கு ஏதோ சாம்பல் நிறத்தில் படுத்திருந்தது. “ச்சூ” என்று விரட்டினார். போகவில்லை. துடைப்பத்தால் தொட்டதும் உடைந்து பறந்தது. மிக்சியின் பூப்போட்ட சட்டையிலிருந்து கடிகாரத்தின் சட்டை வரை எல்லாவற்றையும் உருவித் தண்ணீரில் ஊறப்போட்டார். சாமான்கள் கூச்சத்தோடு நின்றன.

மெஷின் மட்டும் வெறும் உடம்போடு, சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி, புது ஃபில்டரோடு ஓடியது. நம்பர் நாற்பது. பஸ் கிளம்பினால் அறுபது. மறுபடி நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு. ஒரு இடத்தில் நிற்கவில்லை. இதை எப்படிச் சகலையிடம் சொல்வது என்று உறைக்காரருக்குக் கவலை. ஆனாலும் வீட்டம்மாவுக்குப் போன் போட்டார்.

“காத்தைச் சரி பண்ணியிருக்கேன். நம்பர் நாப்பது. சில நேரம் அறுபது.”

“போன தடவை அஞ்சுன்னீங்க?”

“அது பொய்.” கழுத்து டேப்பை விரலில் சுற்றிக்கொண்டார். “தூசி பஸ்ஸுது இல்ல. என்னுது. இத்தனை வருஷமா நான்தான் உனக்கு உதறிக்கிட்டு இருந்திருக்கேன். மேசையைக் கீழ இறக்கிட்டேன்.”

பின்னால் சகலையின் குரல் கேட்டது: “நாப்பதா? நம்ம வீட்ல இருபத்திரெண்டு அண்ணி!”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தம்பி,” என்றார் அந்தம்மா. பிறகு போனில், “மேசையையா இறக்கிட்டீங்க?”

“ஆமா.”

“அந்த மேசையையா?”

“ஆமாங்கறேன்ல.”

“நாளைக்கு வரேன்.”

வந்தார். அதே சின்னப் பை. காலை முழுக்க இருமல் இல்லை. உறைக்காரர் கீழே ஒரு தையல் போடுவதும், மேலே காதைத் தீட்டுவதுமாக ஊசியால் இரண்டு தடவை விரலைக் குத்திக்கொண்டார். மத்தியானம் சாப்பிட மேலே வந்து கதவைத் திறந்தார். மூன்றடி வைத்திருப்பார். மெஷின் உறுமியது. நம்பர் மளமளவென்று ஏறி, சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தம்மா இரண்டு தடவை இருமினார்.

உறைக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மூலையில் இருக்கும் பையைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது.

அந்தம்மா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தலைமுடியில் பஞ்சு. புருவத்தில் பஞ்சு. தோளில் ஒரு பஞ்சுச் சால்வை. காதுக்குள்கூட நீலமாக ஏதோ.

“வெளிய போங்க,” என்றார்.

அவர் நகரவில்லை. 

“படிக்கட்டுக்குப் போங்கங்கறேன். சட்டையைக் கழட்டி உதறிட்டு, தலையைத் துடைச்சுட்டு உள்ள வாங்க. தினமும் இப்படித்தான். சாப்பிட வந்தாலும் சரி, தண்ணி குடிக்க வந்தாலும் சரி.”

“தினமுமா?” என்றார் உறைக்காரர்.

“பின்ன? ஒரு நாளைக்கு மட்டும் செஞ்சா போதுமா? கீழ மூக்கையும் கட்டிக்கங்க. நாளைக்கு உங்களுக்கு இருமல் வந்தா நான் எங்க அனுப்பறது, என் தங்கச்சி வீட்டுக்கா?”

“தினமுமா?” என்று இன்னொரு தடவை கேட்டார், காது கேட்காதவர் போல.

“சோறு ஆறுது.”

அவர் படிக்கட்டுக்குப் போனார். சட்டையைக் கழற்றினார். கையை, காலரை, பையை வெளியே இழுத்து, முப்பது வருடத்தையும் சேர்த்து உதறுவது போல உதறினார். கதவு இடுக்கில் குரல் வந்தது.

“முதுகு?”

“முதுகு எனக்கு எட்டலையே.”

 பிறகு கதவு திறந்தது. அந்தம்மா கையில் ஈரத்துணியோடு நின்றார்.

“திரும்புங்க,” என்றார்.